பன்னிரண்டாவது பாட்டு

ஹைமோனாவுக்குத் தன் தாய்மாமன் பராத்தேனேயின் முகம் தெரியாது. அவன் பிறந்த வருஷம்தான் பராத்தேனே பட்டாளத்தோடு உலக யுத்தத்துக்குக் கப்பலேறினான். அடுத்த வருஷம் கிரீட் தீவில் ஒரு ஆலிவ் தோப்பில் குண்டடிபட்டு விழுந்தான். உடம்பு வரவில்லை. நம் ஊர் வைத்தோக்காவில் யார் செத்தாலும் மூன்று நாள் ஊர்க்கூடத்தில் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேசி, திட்டி, அழுது தீர்த்த பிறகுதான் மண்ணில் வைப்போம். பராத்தேனேக்கு அதெல்லாம் கொடுத்துவைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு பாட்டு மட்டும். அவனுடைய மூத்த அக்கா டூரியா கட்டிய ஒப்பாரி.

அதில் ஐந்து கண்ணிகள். முதலாவதில் வடகாற்று அழும். இரண்டாவதில் டூரியா தம்பியைப் பெயர் சொல்லி எழுப்புவாள். மூன்றாவதில் கடல் வரும். நான்காவதில் நம் கரையின் நிலமுனைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவனைக் கைப்பிடித்து நடத்திவருவது மாதிரி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பாள். ஐந்தாவதில் போய் வா என்று விட்டுவிடுவாள். ஊரில் யாருடைய சவப்பெட்டி கூடத்துக்குள் வந்தாலும், டூரியாவும் அவள் தங்கை மெரெயானாவும் எழுந்து நின்று அதைப் பாடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் பராத்தேனேயும் அங்கே கிடப்பான். மற்ற பெண்கள் அவனுக்கும் சேர்த்து மூக்கைச் சிந்துவார்கள். உள்ளூரில் அவனுக்கு இருந்த கல்லறை அதுதான்.

மெரெயானா, ஹைமோனாவைப் பெற்றவள். மகனுடைய கித்தார் அவளுக்கு ஆகாது. "அந்தக் கட்டையத் தூக்கிட்டு எங்கடா கிளம்பிட்ட? ஆடு உரிக்கப் போற இடத்துல ஆட்டுக்கா வாசிச்சுக் காட்டப் போற?" என்பாள். அவன் ஆக்லாந்துக்குப் பஸ் ஏறிய அன்று, "பேரு போட்ட ரிக்கார்டோட வா. அப்புறம் உன்ன வாசிக்கிறவன்னு ஒத்துக்கறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இறைச்சி ஆலையில் பகலெல்லாம் ஆடு உரித்துவிட்டு, வாரக் கடைசியில் நடன அரங்குகளில் வாசித்த அந்த ஆறு வருஷமும் அந்தப் பேச்சுதான் அவன் காதில் இருந்தது.

குழுவுக்கு டைட்மார்க்ஸ் என்று பெயர். டிரம்ஸ் அடித்தவன் ரெவி. டூரியாவின் சொந்த மகன், ஹைமோனாவோடு ஒரே படுக்கையில் உருண்டு வளர்ந்தவன். பாடியவன் நெவில் என்ற வெள்ளைக்காரப் பையன், அதே ஆலையில் தோல் உப்பிடுகிறவன். பேஸ் கித்தாருக்கு யாராவது வருவார்கள், போவார்கள். அப்போது நாட்டில் ராக் குழு என்றாலே இங்கிலாந்துக்காரன் மாதிரி முடி வளர்த்து, இங்கிலாந்துக்காரன் பாட்டை அவனைவிட வேகமாக வாசிக்கிறவர்கள் என்று அர்த்தம். இவர்கள் அதை நன்றாகவே செய்தார்கள். அறுபத்தாறாம் வருஷம் ஒரு சின்ன ரிக்கார்டு கம்பெனி இவர்களைக் கூப்பிட்டு, முழு எல்.பி. போடலாம் என்றது.

பதிவு ஒரு சனி, ஞாயிறு. மற்ற நாளில் இவர்களுக்கு ஏது ஓய்வு? ஒரு கடைக்கு மாடியில் இருந்தது ஸ்டூடியோ. கீழே பஸ் போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கவேண்டும். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டு. ஞாயிறு மத்தியானத்துக்குள் பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதுக்கு வைத்திருந்த பாட்டை அதே வாரம் இன்னொரு குழு போட்டுவிட்டதாம். அது வேண்டாம் என்றார் கம்பெனி ஆள் ஆக்டன்.

"உங்க ஆளுங்க பாட்டு எதுவும் இல்லையா? நெருப்பச் சுத்தி ஆடுவீங்களே, அந்த மாதிரி?" என்று கேட்டார். நெவில் சிரித்தான். ரெவி டிரம்ஸ் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டான். ஹைமோனா தலையைக் குனிந்து கித்தாருக்குச் சுருதி கூட்டினான். விரல் தானாக எதையோ தேடி, முதல் கண்ணியின் ராகத்தில் போய் விழுந்தது.

"அது என்ன?" என்றார் ஆக்டன்.

"ஒண்ணுமில்ல. வீட்டுப் பாட்டு."

"இன்னொரு தடவை வாசி."

ரெவி ஸ்டூலைவிட்டு இறங்கி வந்தான். "டேய், அது அம்மாவோடது" என்றான், நம் பாஷையில்.

"தெரியும்டா."

"கேக்காம எப்படிடா?"

"ஊருக்குப் போய்க் கேட்டுக்கலாம். இவரு அதுக்குள்ளயா விக்கப் போறாரு?"

ஐந்து கண்ணியும் நீளம், மூன்று போதும் என்றார் ஆக்டன். எந்த மூன்று என்பதை ஹைமோனாவிடமே விட்டுவிட்டார். அவருக்கென்ன தெரியும்? ஹைமோனா இரண்டாவதையும் நான்காவதையும் வெட்டினான். பெயர் வருகிற கண்ணியையும், ஊர்முனைகள் வருகிற கண்ணியையும். அவன் யோசித்தது இதுதான்: செத்தவன் பெயரைச் சோறு தின்கிற இடத்துக்கும் பீர் குடிக்கிற இடத்துக்கும் நாம் கொண்டுபோவதில்லை. ரேடியோ அடுப்படியிலும் சாராயக்கடையிலும்தான் பாடும். பெயரை எடுத்துவிட்டால் மாமனை அங்கெல்லாம் இழுத்த பாவம் வராது. மிச்சம் இருப்பது வெறும் காற்றும் கடலும், யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி ஒரு தப்பை வெள்ளைக்காரன் செய்திருக்க முடியாது. அவன் ஐந்தையும் பாடித் தொலைத்திருப்பான். மரியாதை தெரிந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

ஹைமோனாவே பாடினான். ரெவி முதலில் தொட்டும் தொடாமலும் தட்டினான். கடல் வந்த இடத்தில் கை சூடேறி, அறை அதிர அடித்தான். பாட்டு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பதினொரு பாட்டிலும் இல்லாத உயிர் அதில் இருந்தது. அதுதான் கொடுமை.

கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நேரில் போகவேண்டும், கையில் ஏதாவது கொண்டுபோகவேண்டும், அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, வேறு கதையெல்லாம் பேசி, பிறகு மெதுவாக வாயைத் திறக்கவேண்டும். போனில் கேட்கிற சமாசாரமல்ல. கேட்கத் துணிந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே லைன். டூரியா ரிசீவரை எடுத்தால் எல்லா வீட்டிலும் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும், தபாலாபீஸ்காரி இருமுவதுகூடக் கேட்கும். ஆலையிலோ ஆடு குவிகிற பருவம், லீவு கிடையாது. கிறிஸ்துமசுக்குப் போகும்போது கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டான். டிசம்பர் ஆரம்பத்தில் ரிக்கார்டு அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் அவன் பெயர் இருந்தது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் ஊரே சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தது. மண்ணடுப்பிலிருந்து எடுத்த பன்றியும் சர்க்கரைவள்ளியும் தின்று முடித்து, பெஞ்சுகளில் சாய்ந்து கிடந்தார்கள். யாரோ ரேடியோகிராமைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார்கள். முதல் பக்கம் ஓடியபோது கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். மெரெயானா அட்டையை மார்போடு வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினாள். "இந்தப் பேரு யாருதுன்னு படி பாப்போம்" என்றாள் எழுத்து தெரியாத ஒருவரிடம்.

"மறுபக்கம் போடுடா" என்றாள் மகனிடம்.

"அப்புறம் போடலாம்மா. முதல்ல பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

டூரியா அந்தப் பக்கம் புட்டிங்கைத் தட்டுகளில் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்கிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு? பெரிய ரிக்கார்டுக்காரன்! வந்து தட்டு கழுவு, கழுவிக்கிட்டே பேசு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாரோ ரிக்கார்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பாட்டு கடைசியில்தான் வரும். அதற்கு முன் ஐந்து பாட்டு இருந்தது. ஐந்து பாட்டு நேரமும் ஹைமோனா டூரியாவுக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்தான். வாய் வரவில்லை. ரெவி வெளியே போய் சிகரெட் பிடித்தான். கடைசியில் இருந்ததிலேயே துணிச்சலான காரியம் ரெவி செய்ததுதான் என்று தோன்றுகிறது, ஓடியாவது போனான்.

முதல் வரியிலேயே கூடம் அடங்கிவிட்டது. ஒப்பாரி, எச்சில் தட்டுகளுக்கு நடுவில், டிரம்ஸ் தாளத்தோடு. டூரியா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று பாட ஆரம்பித்தாள். நம் ஊரில் ஒருவன் சபையில் கண்டபடி பேசினால் பெண்கள் எழுந்து ஒரு பாட்டை எடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உட்கார்ந்தே ஆகவேண்டும். ரிக்கார்டு உட்காராது. அதனால் டூரியா அதன்மேல் பாடினாள். இன்னும் இரண்டு கிழவிகள் அவளோடு எழுந்தார்கள். ரிக்கார்டு கடலுக்குத் தாண்டியபோது இவர்கள் பராத்தேனேயின் பெயரில் இருந்தார்கள். ரிக்கார்டு முடிந்து முள் கரகரத்தபோது இவர்கள் முனைமுனையாக அவனை நடத்திக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

மெரெயானா கடைசியாக எழுந்தாள். அட்டையை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், அக்காவின் பக்கத்தில் நின்று, மகன் முகத்தைப் பார்த்தபடி ஐந்தாவது கண்ணியைச் சேர்ந்து பாடினாள். அதைவிட அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பாடி முடிந்ததும் ஹைமோனா, "பேரை எடுத்துட்டேன் பெரியம்மா. மாமாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னு" என்றான்.

"ஆமாடா, எடுத்துட்ட. உள்ள இருந்தவனத் தூக்கி வெளிய போட்டுட்டு வெறும் பெட்டிய வித்திருக்க. அவன் பேரோட போயிருந்தா எந்த ஊருல பாடினாலும் அவனுக்குத்தான்னு ஆகியிருக்கும். இப்ப அது யாருக்கு?"

"ரெவியும்தானே..."

"அவன் தட்டினான். வாயத் தொறந்தது நீ."

ரெவி அந்த வாரமே மன்னிக்கப்பட்டான். வயிற்றில் பிறந்தவனுக்கு உள்ள சலுகை.

ஊரில் இப்படி என்றால் நகரத்தில் வேறு மாதிரி. ஒரு பத்திரிகை, பதினொரு பாட்டும் எந்தத் துறைமுகத்துப் பையன்களும் வாசிக்கிறவைதான், பன்னிரண்டாவதுதான் நம்முடையது என்று எழுதியது. நம்முடையதாம்! எழுதிய வெள்ளைக்காரர் நம்மில் எவருடைய மருமகனோ. ரேடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி அந்தப் பாட்டை மட்டும் தனி ரிக்கார்டாகவும் போட்டது. அந்தக் கோடை முழுக்கக் கடற்கரைகளில் பையன்களும் பெண்களும் பராத்தேனேயின் இழவுக்குக் கட்டிப்பிடித்து மெதுவாக ஆடினார்கள்.

ஹைமோனா ஆக்டனிடம் போய், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டான்.

"ஏன்? யாராவது குறை சொன்னாங்களா?" என்றார் அவர்.

"எங்க வீட்டுல."

"வீட்டுல இருக்கிறவங்களுக்காகவா ரிக்கார்டு போடுறோம்? கையெழுத்துப் போட்டிருக்க, தம்பி."

தம்பியாகத்தான் சொன்னார், கோபமில்லாமல். அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

மேடையில் கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக் கத்தியது. ஹைமோனா பாடமாட்டேன் என்று நின்றான். பாஷை தெரியாத நெவில் அதை மென்று துப்பினான், அதற்கும் கைதட்டினார்கள். மூன்றாவது ஊரில் ஹைமோனா கித்தாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"பாடி வச்சதும் நீ, கெடுத்ததும் நீ. எங்க அம்மாவுக்கும் ஆகல, எங்க பொழப்புக்கும் ஆகல. நீ யாருக்குத்தான்டா ஆவ?" என்றான் ரெவி. அவன் அடுத்த வருஷம் சிட்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நெவில் கார் விற்கப் போனான். ஹைமோனா ஆலைக்குத் திரும்பினான்.

இதெல்லாம் போகட்டும். குழு உடைவது உலகத்தில் நடக்காததா? நடக்கக்கூடாதது ஊரில் நடந்தது. அடுத்த இழவில் பெட்டி கூடத்துக்குள் வந்தது. எல்லோரும் டூரியாவைப் பார்த்தார்கள். அவள் எழவில்லை. ஒரு கிழவி தோளைத் தொட்டாள்.

"அது இப்ப கடையில கிடைக்குது. வாங்கிப் போட்டுக்கோங்க" என்றாள் டூரியா.

அதற்குப் பிறகு அவள் அதைப் பாடவில்லை. யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அக்கா பாடாததைத் தங்கை எப்படி எடுப்பாள்? மெரெயானாவும் வாயை மூடிக்கொண்டாள். வீம்பு என்று சொல்லலாம், வலி என்றும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் அதற்குப் பலி பராத்தேனே.

ஹைமோனா ஒருத்தியைக் கட்டினான். பிள்ளையில்லை, அவளும் ஒருநாள் போய்விட்டாள். சாவுகளுக்கு மட்டும் ஊருக்குப் போனான். கடைசி வரிசையில் நின்றான், பாத்திரம் கழுவினான், பஸ் ஏறினான். ஒருமுறை அம்மாவிடம், "அந்த நாலாவது கண்ணிய ஒரு தடவை சொல்லும்மா, மறந்துடும்போல இருக்கு" என்று கேட்டான்.

"பெரியம்மா உயிரோட இருக்கும்போது நான் எப்படிடா அதத் தொடுவேன்?" என்றாள் அவள்.

டூரியா செத்தபோது அவளுடைய பெட்டி கூடத்துக்குள் வந்தது. பாடவேண்டிய இடம் வந்ததும் மெரெயானா தலையைத் திருப்பி மகனைப் பார்த்தாள். நீ எடு என்று பார்த்தாளா, உன்னால்தான் இந்த மௌனம் என்று பார்த்தாளா, அவனுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்தான். யாரோ ஒரு தேவாலயப் பாட்டை எடுத்தார்கள். அந்தச் சந்தர்ப்பமும் போயிற்று. இத்தனை கோழைத்தனத்தை ஒரே மனுஷன் எப்படித்தான் சுமந்தானோ.

ஆலையை மூடியபோது அவனுக்கு வயது ஐம்பதை ஒட்டி. அதற்குள் காலம் மாறிவிட்டது. பள்ளிக்கூடங்களில் நம் பாஷையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். யாரோ பழைய ரிக்கார்டுகளைத் தோண்டி எடுத்து மறுபடி அச்சிட்டார்கள். நாட்டின் முதல் ராக் குழுக்களில் ஒன்று, நம் பாஷையில் முதலில் பாடியவர்களில் ஒருவர் என்று அவனைத் தேடிவந்து படம் பிடித்தார்கள். ஊரிலும் அவனுக்கு மாலை போடாத குறை. பையன்கள் ஓடிவந்து நம் முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து வணங்கி, "மாமா, மாமா" என்றார்கள். அவனை யாரும் மன்னிக்கவில்லை. என்ன செய்தான் என்று தெரிந்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

மெரெயானாவும் போனாள். வருஷம் திரும்பியதும் கல்லறைக் கல்லை மூடிய துணியை விலக்க எல்லோரும் கூடினார்கள். நல்ல வெயில், கீழே கடல் பளபளத்தது. பாதிரியார் ஜெபம் சொன்னதும் ஹைமோனாவின் தங்கை மகள் மாரமா முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித்தருகிறவள், கெட்டிக்காரி. அவள் பின்னால் பையன்களும் பெண்களுமாக ஒரு கூட்டம், ஒருவன் கையில் கித்தார்.

"எங்க பாட்டி குடும்பத்துப் பாட்டு. எங்க மாமா உலகத்துக்குக் கொண்டுவந்தது" என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

வடகாற்று அழுதது. எல்லோரும் அழகாகப் பாடினார்கள். கித்தார்க்காரப் பையன் பலகையில் கையால் ரெவியின் தாளத்தை அப்படியே தட்டினான். முதல் கண்ணி முடிந்தது. அவர்கள் மூச்சை இழுத்துக் கடலுக்குத் தாண்டுவதற்குள் ஹைமோனா வாயைத் திறந்துவிட்டான்.

"எழுந்திரு பராத்தேனே, உன் பாய் அந்நிய மண், அக்கா கூப்பிடுகிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்..."

குரல் கரகரத்தது. பிள்ளைகள் மரியாதையாக நிறுத்திக்கொண்டார்கள். அவன் இரண்டாவது கண்ணியை முழுசாகப் பாடி முடித்தான். கன்னம் நனைந்திருந்தது. மாரமா பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அந்த இடத்துல வேற ஒண்ணும் வராது. நேரா கடல்தான்" என்று காதருகே சொன்னாள்.

"இல்லம்மா. நடுவுல இது இருக்கு."

"ரிக்கார்டுல இல்லையே? எனக்கு நீங்க மூச்சு விடுற இடம்கூட மனப்பாடம், மாமா."

"நான்தான் விட்டுட்டேன்."

"பரவால்ல மாமா. எல்லாருக்கும் மறக்கிறதுதானே." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "பராத்தேனேன்னா யாரு?" என்றாள்.

யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? ஹைமோனா அம்மாவின் புதுக்கல்லைப் பார்த்தான். பதில் சொல்வதற்குப் பதிலாக நான்காவது கண்ணியை எடுத்தான். அதைப் பாடிவிட்டால் யாரென்று அவர்களுக்கே தெரிந்துவிடும், பராத்தேனேயே வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவான். முதல் முனையின் பெயர் வந்தது. இரண்டாவது முனையும் வந்தது. மூன்றாவது வரவில்லை. இரண்டாவதை மறுபடி சொல்லிப் பார்த்தான், அப்போதும் வரவில்லை. கீழே கரையைப் பார்த்தான். எல்லா முனைகளும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. பெயர் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் பாட்டில் எது எதற்குப் பின்னால் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். மாரமா அவன் கையை விடாமலே கித்தார்க்காரனுக்குத் தலையசைத்தாள். அவன் தாளத்தை எடுத்தான், கடல் வந்தது. ஹைமோனாவும் சேர்ந்து பாடினான். அந்தக் கண்ணியும் ரிக்கார்டில் அதற்கு அடுத்ததும் அவனுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தன.